ஜிக் கட்ட எதை வாங்குவது, எதை விடுவது: ஒரு சேலத்துக் கணக்கு

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். மீன் பிடிக்கும் ஜிக்கை வீட்டிலேயே கட்டுவதாக இருந்தால் தூண்டில் முள்ளை மட்டும் நல்லதாகக் காசு கொடுத்து வாங்குங்கள். ஈயம், இறகு, மயிர், நூல், மினுக்கு எல்லாம் சேலத்துக்குள்ளேயே கிடைக்கும், அதில் பாதி சும்மாவே கிடைக்கும். பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். மற்றவர்களுக்கு எதை எதனோடு வைத்துப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தேன் என்று சொல்கிறேன், ஏனென்றால் எல்லா இடத்திலும் மலிவானதே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை, இரண்டு மூன்று இடத்தில் மலிவு என்னைக் கவிழ்த்திருக்கிறது.

பேச்சை ஆரம்பித்து வைத்தது என் அக்கா மகன். போனை நீட்டி, "மாமா, இதை ஆர்டர் போட்டுடட்டுமா?" என்றான். பார்த்தால் முள், மான் வால் மயிர், வான்கோழி இறகு, வெளிச்சம் காட்டினால் இறுகும் பசை, ரெடிமேட் ஈயத் தலை, முள் பிடிக்கும் வைஸ், மினுக்கு இழை ஆறு நிறத்தில் என்று ஒரு கல்யாணச் சீர் மாதிரி நீள்கிறது பட்டியல். கூட்டுத் தொகையைப் பார்த்ததும், "ஒரு ஞாயித்துக்கிழமை பொறுடா, வண்டிய எடு, ஊருக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு வந்து முடிவு பண்ணலாம்" என்றேன். இந்தக் கட்டுரை அந்த ஒரு சுற்றும், அதற்கு முன் சில வருடங்களாக நானே கட்டிக் கெடுத்த ஜிக்குகளும்தான்.

ஜிக் தெரியாதவர்களுக்கு நாலு வரி. கழுத்து மடங்கிய முள்ளில் ஈயத் தலை வார்த்து, அதன் பின்னால் இறகோ மயிரோ வால் மாதிரி கட்டினால் ஜிக். தூண்டில் நரம்பு கட்டும் கண் தலையின் மேல்பக்கம் இருப்பதால் தண்ணீருக்குள் முள் நுனி மேலே பார்த்தபடி வரும், அடியில் கல்லிலும் கட்டையிலும் மாட்டுவது குறையும். மண்புழு கோத்து, தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்காருகிற பிடிப்பு இல்லை இது. எறிந்து, மூழ்கவிட்டு, கம்பு நுனியைத் தூக்கித் தூக்கி இழுத்து வர வேண்டும், அது ஒரு குஞ்சு மீன் துள்ளுகிற மாதிரி இருக்க வேண்டும். அதனால் கட்லா, ரோகு பிடிக்கிறவர்களுக்கு இது வேலைக்கு ஆகாது. விரால், வாளை, கெளுத்தி, சின்னதாகக் கட்டினால் ஜிலேபி, இவைதான் நம் கணக்கில் வரும்.

தலை என்ன வேகத்தில் மூழ்குகிறது, வால் எவ்வளவு இளகி ஆடுகிறது, இந்த இரண்டையும் சேர்த்துத்தான் மீன் பார்க்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தலையைத் தனியாக, வாலைத் தனியாக "எது பெஸ்ட்" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, தலை. ஈயம் என்று கடையில் கேட்டால் நம் ஊரில் ஒரு குழப்பம் உண்டு. ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் ஈயம்தான், தூண்டிலில் போடும் குண்டும் ஈயம்தான், ஆனால் இரண்டும் வேறு உலோகம். சொம்பு வெள்ளீயம், குண்டு காரீயம். காரீயம் தண்ணீரைவிட 11.3 மடங்கு கனம், 327 டிகிரியில் உருகும். வெள்ளீயம் 7.3 மடங்குதான், 232 டிகிரியிலேயே உருகிவிடும். அதாவது 10 கிராம் காரீயத் தலை வருகிற அதே அச்சில் வெள்ளீயத்தை ஊற்றினால் ஏறக்குறைய ஆறரை கிராம் தலை வரும். விலையோ பத்து மடங்குக்கு மேல். இதை வைத்து வெள்ளீயம் வீண் செலவு என்று நான் ஒதுக்கியிருந்தேன். கன்னங்குறிச்சிப் பக்கம் ஆழம் குறைந்து, செடி மண்டிய தண்ணீரில் எறிந்து பார்த்த பிறகு எண்ணம் மாறியது. தலை அதே பருமன், ஆனால் மெதுவாக இறங்குகிறது. காரீயம் பொத்தென்று செடிக்குள் புதைகிற இடத்தில் இது செடியின் தலைமேலேயே கொஞ்ச நேரம் தயங்கி நிற்கிறது, விரால் அந்தத் தயக்கத்தில்தான் வந்து கவ்வுகிறது. ஆழமும் காற்றும் இருக்கும் மேட்டூரில் இதே வெள்ளீயத் தலையை எறிந்தால் காற்று நரம்பை வில்லாக வளைத்துவிடும், ஜிக் எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியாது. அங்கே காரீயம்தான்.

இன்னொரு விஷயம், காரீயம் விஷம். கையில் தொட்டதும் ஒன்றும் ஆகாது, ஆனால் அதன் தூளும் புகையும் உடம்புக்குள் போகக்கூடாது, குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில். குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் நசுக்குகிற பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு இருக்கிறது, அதை இன்றே விடுங்கள். பிரிட்டனில் அன்னப் பறவைகள் தூண்டில் ஈயத்தை விழுங்கிச் செத்ததால் 1987-லேயே 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான ஈயக் குண்டுகளைத் தடை செய்துவிட்டார்கள். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடி பக்கம் எறிகிறவர்களுக்குத் தெரியும், அணை கட்டியபோது மூழ்கிய ஊரின் மிச்சமும் பாறையும் அடியில் கிடக்கின்றன, தண்ணீர் வற்றினால் நந்தி தலைகாட்டுகிற இடம் அது, ஒரு காலையில் நாலைந்து ஜிக்கை அறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வர முடியும். அந்தத் தண்ணீர்தான் நம் வீட்டுக் குழாயிலும் வருகிறது. அதனால் நிச்சயம் மாட்டும் என்று தெரிகிற இடத்தில் நான் இப்போது காரீயம் எறிவதில்லை.

அங்கே என்ன எறிகிறேன் என்றால், சிரிக்காதீர்கள், இரும்பு நட்டு. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம் 8 நட்டு ஒன்று சுமார் 5 கிராம் இருக்கும். முள்ளின் கழுத்தில் அதைக் கோத்து, நடுவில் உள்ள இடைவெளியை எம்-சீல் வைத்து அடைத்து, உருண்டையாகத் தேய்த்து, காய்ந்ததும் நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு. இரும்பு 7.8 மடங்கு கனம், வெள்ளீயத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். அழகு குறைவு, துருப்பிடிக்கும், அடுப்பே பற்றவைக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் கட்டுவதாக இருந்தால் இதைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். டங்ஸ்டன் 19 மடங்கு கனம், சின்ன மணியாக இருந்தும் வேகமாக இறங்கும், ஆனால் 3400 டிகிரிக்கு மேல் உருகுகிற சாமானை வீட்டில் வார்க்க முடியாது, துளை போட்ட மணியாகத்தான் வாங்க வேண்டும், விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டு வந்தேன்.

காரீயத்தை நீங்களே வார்ப்பதாக இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். டயர் கடையில் கழற்றிப் போடும் பேலன்ஸ் எடைகள் நல்ல சரக்கு, ஆனால் இப்போது வருகிறவற்றில் இரும்பும் துத்தநாகமும் கலந்து கிடக்கின்றன. துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும். தீயை அளவாக வைத்தால் காரீயம் உருகிவிடும், துத்தநாகமும் இரும்புக் கிளிப்பும் மேலே மிதக்கும், கரண்டியால் வழித்து எறிந்துவிடலாம். நான் அவசரப்பட்டு தீயை ஏற்றி எல்லாவற்றையும் சேர்த்து உருக்கிவிட்டேன், அந்த ஒரு பானை ஈயமும் அச்சில் சரியாக ஓடாமல், தலை தலையாகப் பொக்கையும் சொரசொரப்புமாக வந்தது. பழைய பேட்டரியை உடைத்து எடுக்கிற ஈயம் வேண்டவே வேண்டாம், அமிலமும் ஈயத் தூளும் ஒட்டியிருக்கும், நாலு ஜிக்குக்காக நுரையீரலைக் கொடுக்க வேண்டியதில்லை. உருக்குவது மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்றுகொண்டு. சமையல் பாத்திரம் கூடாது. செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன் ஓரம் உடைந்த மூசை (உலோகம் உருக்கும் கிண்ணம்) ஒன்றை எனக்குக் கொடுத்தார், அதுதான் இன்றுவரை.

அச்சு விஷயத்தில் சேலத்துக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. நான் முதலில் செய்தது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு. பொட்டலம் மலிவு, அரை மணி நேரத்தில் இறுகிவிடும், தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரியே இருக்கும், உள்ளே ஈரம் உட்கார்ந்திருக்கும். உருகிய ஈயம் ஈரத்தைத் தொட்டால் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி ஈயத்தைத் துப்பும். எனக்குத் துப்பியது, முழங்கைக்குக் கீழே மிளகு அளவில் மூன்று தழும்பு இருக்கிறது, கண்ணாடி போட்டிருந்ததால் தப்பித்தேன். அலுமினிய அச்சு அற்புதமாக இருக்கும், லேத்தில் கடைந்து வாங்க ஆகும் செலவில் நூற்றுக்கணக்கில் வார்க்கிறவருக்குத்தான் கட்டுப்படியாகும். மூன்றாவது வழி நம் கல்சட்டிக் கல். மாக்கல், மாவுக்கல் என்றெல்லாம் சொல்கிறோமே, நகத்தால் கீறினாலே பொடி வருகிற கல், சூட்டையும் நன்றாகத் தாங்கும். சேலத்துக் கல்சட்டிக்கு வெளியூரிலிருந்து ஆள் தேடி வருகிறார்கள், நாம் உடைந்த துண்டைக்கூடக் கண்டுகொள்வதில்லை. தட்டையான இரண்டு துண்டுகளை வாங்கி, தண்ணீர் விட்டு உப்புத்தாளில் தேய்த்து (காய வைத்துத் தேய்த்தால் தூசி நெஞ்சுக்குள் போகும்) ஒன்றோடு ஒன்று பொருந்த வைத்து, இரண்டிலும் அரை உருண்டைக் குழி கடைந்து, முள் உட்கார ஒரு கோடு, ஈயம் ஊற்ற ஒரு வாய், அவ்வளவுதான். ஊற்றும் முன் அடுப்போரத்தில் மெதுவாகச் சூடேற்றுங்கள். புதுக் கல்சட்டியை எடுத்த எடுப்பில் பெரிய தீயில் வைத்தால் விரிசல் விடும், பழக்கித்தான் வைக்க வேண்டும் என்று அம்மா சொல்வார்களே, அதே விதிதான் இதற்கும். என் அச்சு மூன்று வருடமாக உழைக்கிறது.

இப்போது முள். இதில்தான் நான் கஞ்சத்தனம் பண்ணி அடி வாங்கினேன். நூறு முள் கொண்ட ஒரு பொட்டலம், பெயர் தெரியாத சரக்கு, வந்த விலையைப் பார்த்து மகிழ்ந்து முப்பது ஜிக் கட்டிவிட்டேன். பண்ணவாடியில் இருட்டு பிரிகிற நேரத்தில் ஒரு வாளை இழுத்தது, நல்ல கனம், கரைக்குப் பக்கத்தில் ஒரு திரும்பு திரும்பியதும் கை லேசானது. சுற்றி எடுத்துப் பார்த்தால் முள் குடை ஊசி மாதிரி நிமிர்ந்து வருகிறது. இறகு நன்றாக இருந்தது, தலை நன்றாக இருந்தது, என்ன பிரயோஜனம். சாதாரண நேர் முள்ளை வாங்கி வீட்டிலேயே கழுத்தை வளைக்கலாமே என்று கேட்பீர்கள், நானும் செய்தேன். அப்படியே வளைத்தால் பட்டென்று முறிகிறது, காய்ச்சி வளைத்தால் பதம் போய் கம்பி மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் ஜிக்குக்கு என்றே வரும் முள், தெரிந்த பிராண்டில். கழுத்து 90 டிகிரியில் மடங்கியது நேராக மேலே தூக்கி ஆட்டுவதற்கு நல்லது, 60 டிகிரி செடிக்குள்ளிருந்து வழுக்கி வரும். ஏரிக்கு நான் 60 எடுக்கிறேன், பாறைத் தண்ணீருக்கு 90. எண் விஷயம் தலைகீழ் என்பதை நினைவில் வையுங்கள், 8 என்றால் சின்னது, 2 பெரியது, அதற்கும் மேலே போனால் 1/0, 2/0 என்று ஏறும். நுனியைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்து இழுத்தால் வழுக்கக் கூடாது, கொத்தி நிற்க வேண்டும்.

வாலுக்கு வருவோம், இங்கேதான் பேச நிறைய இருக்கிறது.

இறகு என்றால் எல்லா இறகும் ஒன்றில்லை. பிராய்லர் கோழி ஐந்தாறு வாரத்திலேயே கறிக்கடைக்கு வந்துவிடுவதால் அதற்குக் கழுத்து இறகு முதிர்ந்திருக்காது, தொடைப் பக்கத்து வெள்ளைப் பஞ்சு இறகு மட்டும் தேறும். வயதான நாட்டுச் சேவலின் கழுத்திலும், முதுகிலிருந்து இரண்டு பக்கமும் தொங்கும் இடத்திலும் இருக்கும் நீள இறகுதான் சரக்கு. செவலை, காகம், கீரி என்று சேவல்காரர்கள் சொல்லும் எல்லா நிறமும் தண்ணீரில் வேலை செய்கிறது, சாயமே தேவையில்லை. இந்த இறகுக்கு நடுத்தண்டு இருப்பதால் ஒரு விறைப்பு உண்டு, இரண்டை எதிரெதிராக வைத்துக் கட்டினால் இழுக்கும்போது தவளைக் கால் மாதிரி மூடும், நிறுத்தினால் விரியும். விராலுக்கு இது போதும், இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை.

மரபூ என்று இணையத்தில் எல்லோரும் கொண்டாடுகிற இறகு முதலில் ஒரு வகை நாரையிலிருந்து எடுத்தது, பெயரும் அதிலிருந்துதான் வந்தது, இப்போது விற்பது எல்லாம் வான்கோழியின் பஞ்சு இறகு. கிறிஸ்துமஸ் சமயம் வான்கோழி அறுக்கிற இடம் தெரிந்தால் ஒரு பை நிறைய இலவசம். இதன் சிறப்பு என்னவென்றால் ஜிக் அசையாமல் கிடந்தாலும் வால் மூச்சு விடுகிற மாதிரி அசைந்துகொண்டே இருக்கும். ஏற்காட்டில் தெரிந்தவர் ஒருவரின் காபித் தோட்டத்துக் குட்டையில் மார்கழிக் காலையில் எறிவேன், தண்ணீர் சில்லென்று இருக்கும், மீன் சோம்பிக் கிடக்கும், வேகமாக இழுத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது, அங்கே மரபூ கட்டிய ஒன்றரை கிராம் ஜிக்கை அடியில் போட்டுவிட்டு டீயை ஆற்றிக் குடிக்கலாம், ஜிலேபி வந்து எடுக்கும். குறை என்ன என்றால் நனைந்ததும் பாதியாகச் சுருங்கும், பல் உள்ள மீன் இரண்டு தடவை கடித்தால் மொட்டைதான். வாளைக்கு மரபூ கட்டுவது பட்டுவேட்டியோடு சேற்றில் இறங்குகிற மாதிரி.

மயில் இறகின் இழை ஜிக்கின் உடம்பில் சுற்றினால் பச்சையும் செம்பும் கலந்து மின்னும், நான் விரும்பிச் சேர்ப்பது அது. ஆனால் மயில் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தானாக உதிர்ந்து கிடக்கும் வால் இறகு மட்டும்தான், பிடுங்கியதாக இருந்தால் தொடாதீர்கள், வெளிநாட்டு நண்பருக்கு அனுப்பவும் கூடாது. கீரியும் சட்டத்தின் காவலில் இருக்கிறது, அதன் மயிர் எந்த வழியில் வந்தாலும் கூடாது. பழைய ஓவியத் தூரிகையில் இருக்கும் மயிர் ஜிக்குக்கு அருமையாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அது கீரியாக இருக்கலாம், அந்த வழிக்கே போக வேண்டாம்.

மயிரில் உலகம் முழுக்கப் பேசுவது மான் வால். அது அமெரிக்காவின் வெள்ளைவால் மான், அங்கே வேட்டைக்கு அனுமதி உண்டு. இங்கே புள்ளிமானும் கடமானும் சட்டத்தின் காவலில் இருக்கின்றன, "மலைல இருந்து வந்தது" என்று யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள். அந்த மயிரிடம் நமக்கு வேண்டிய குணம் இரண்டு: கொஞ்சம் விறைப்பு, நுனி நோக்கி மெலிவது. இரண்டும் ஆட்டிடமும் மாட்டிடமும் இருக்கிறது. நம் மாவட்டத்து ஆடு என்றால் மேச்சேரி செம்மறியும் சேலம் கருப்பு வெள்ளாடும். மேச்சேரிக்குத் தோல்தான் பெயர் பெற்றது, மயிர் குட்டை, ஒரு சென்டிமீட்டர் ஜிக்குக்குக்கூடப் பிடிக்க வராது. வெள்ளாட்டுக் கிடாயின் தாடி வேறு ரகம், விரல் நீளம், கருகரு, தண்ணீரில் ஒட்டிக்கொள்ளாமல் இழை இழையாகப் பிரிந்து ஆடும். கறிக்கடைப் பாயிடம் முதல் தடவை தாடி கேட்டபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார், இப்போது தாளில் மடித்து எடுத்து வைக்கிறார். வெள்ளை வேண்டுமென்றால் கன்றின் வால் மயிர், கொஞ்சம் சுருள் இருக்கும், அந்தச் சுருள்தான் வாலைப் பருமனாகக் காட்டும், குறைவாகக் கட்டினால் போதும். மான் மயிரை இறுக்கினால் விசிறி மாதிரி விரியும், ஆடும் மாடும் அப்படி விரியாது, அது ஒன்றுதான் வித்தியாசம், ஜிக்குக்கு அது தேவையும் இல்லை. (எதிர்வீட்டுப் பொமரேனியனைச் சீவும்போது உதிர்கிற பஞ்சையும் சேர்த்து வைத்திருக்கிறேன், நூலில் முறுக்கி உடம்புக்குச் சுற்றினால் கம்பளி நூலைவிட நன்றாக இருக்கிறது. நாய்க்கும் எனக்கும் ஒப்பந்தம்.)

எதை எடுத்தாலும் சோப்புத் தூளில் வெதுவெதுப்பாக அலசி, நிழலில் காயப் போடுங்கள். தோல் துண்டோடு இருந்தால் கொழுப்பைச் சுரண்டிவிட்டு வெங்காரம் தூவி வையுங்கள், பட்டறைக்காரர்கள் பற்றவைக்கப் பயன்படுத்துகிற அதே வெங்காரம், பூச்சி அண்டாது. சாயம் போட ஆசைப்பட்டால் பட்டுக்குப் போடும் ஆசிட் சாயம் வாங்குங்கள், பட்டு, இறகு, மயிர் மூன்றும் புரதம், கொஞ்சம் வினிகர் ஊற்றினால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், கொதிக்க மட்டும் விடக்கூடாது. பருத்திச் சாயம் போட்டு என் ஒரு பை இறகும் வெளிறிப்போய் மறுபடி பழைய நிறத்துக்கே வந்து நின்றது.

செயற்கை இழையை நான் முதலில் மட்டமாக நினைத்தேன். ஃபேன்சி ஸ்டோர் சவுரி ஒன்றை வாங்கிப் பிரித்தால் ஐம்பது ஜிக்குக்கு வால் வரும், தண்ணீரை உறிஞ்சாது, அதனால் எறிய லேசு, வாளையின் பல்லுக்கும் பதில் சொல்லும். ஆட்டம் மட்டும் கொஞ்சம் மந்தம், அதைச் சரிக்கட்ட இழையை ஒரே அளவாக வெட்டாமல் நுனியைக் கத்தரிக்கோலால் கோதி மெலிய விட வேண்டும். இதைவிட வேடிக்கையான ஒன்று அரிசிச் சாக்கு. அந்தப் பட்டை பாலிப்ரொப்பிலீன், தண்ணீரைவிட லேசானது, ஊசியால் கோதிக் கிழித்தால் மெல்லிய இழையாகும். நைலானும் பாலியஸ்டரும் மூழ்கும், இது மிதக்கும். அதனால் ஜிக் அடியில் உட்காரும்போது தலை தரையில், வால் மேலே நட்டுக்கொண்டு, மேயும் குஞ்சு மீன் மாதிரி நிற்கும். சும்மா வரும் சாக்கு, கெளுத்திக்கு என் கையில் இதுதான் முதல் இடம். வெயிலில் நாள்பட்டால் பொடிந்துபோகும், டப்பாவை வண்டி சீட்டுக்கு அடியில் போட்டு வைக்காதீர்கள். ரப்பர் பேண்டை வெட்டி ஜிக்குக்குக் கால் மாதிரி வைக்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை, சித்திரை வெயிலில் ரப்பர் பேண்ட் இளகி எல்லா ஜிக்கையும் ஒட்டிவிடும்.

மினுக்குக்கு வெளிநாட்டு இழை எதற்கு, ஜரிகை ஊரில் உட்கார்ந்துகொண்டு? இளம்பிள்ளைச் சேலைக்குப் போடும் பிளாஸ்டிக் ஜரிகை நாலு இழை போதும். செம்புக் கம்பி ஜரிகை அழகு, ஆனால் நாள்பட நனைந்து காய்ந்து கறுத்துவிடுகிறது, பிளாஸ்டிக் கறுப்பதில்லை. ஜிகினாத் தாளை வெட்டிப் போடுகிறவர்களும் உண்டு, இரண்டாவது எறிதலிலேயே சாயம் உரிந்து வெள்ளைத் தாள் தெரியும். நாலு இழைக்கு மேல் வைக்காதீர்கள், திருவிழா சப்பரம் மாதிரி மின்னினால் மீன் ஒதுங்கிப் போகிறது, இது என் அனுபவம், மாற்றிச் சொல்கிறவர்களும் இருப்பார்கள்.

நூலில் நான்கைப் போட்டுப் பார்த்தேன். பூ கட்டும் பருத்தி நூல் இறுக்க வசதி, ஆனால் ஈரத்தில் இற்றுவிடும். அம்மா ஒரு முழம் மல்லியைக் கட்டி முடிக்கும் நேரத்தில் நான் ஒரு ஜிக் கட்டுவேன், முடிச்சு என்னவோ கிட்டத்தட்ட அதே கை, நூல்தான் உதவாது. பட்டு நூலுக்கு அம்மாப்பேட்டை, பொன்னம்மாபேட்டை பக்கம் தறி போடும் வீட்டில் கேட்டால் கழிவு கிடைக்கும், பாவுப் பட்டு வேண்டாம், அது முறுக்கு அதிகம், ஊடைப் பட்டு கேளுங்கள், முறுக்கு குறைவாக இருப்பதால் தட்டையாகப் படியும், முடிச்சு மேடு தட்டாது. கட்ட அவ்வளவு சுகமான நூல் வேறு இல்லை. ஆனால் நனைந்தால் பட்டுக்குப் பலம் கொஞ்சம் குறையும், வெயிலும் அதைத் தின்னும். நைலான் இழுபடும், கட்டி முடித்ததும் சுருங்கி இன்னும் இறுகுவது நல்ல குணம். பாலியஸ்டர் தையல் நூல் ஈரத்துக்கும் அசையாது, எந்தத் தையல் கடையிலும் கிடைக்கும், கொஞ்சம் தடிமன். சின்ன ஜிக்குக்குப் பட்டு, பெரியதுக்குப் பாலியஸ்டர் என்று பிரித்துக்கொண்டேன். எந்த நூலானாலும் ஏற்காட்டுத் தேன்காரரிடம் ஒரு துண்டு தேன்மெழுகு வாங்கி அதன் மேல் இழுத்துவிட்டுக் கட்டுங்கள், வழுக்காது.

பசையும் வர்ணமும் பற்றிச் சுருக்கமாக. ஃபெவிக்விக் ஒரு சொட்டு நூலின் அடியில் சரி, மேலே விட்டால் இறகுக்குள் ஏறி வாலைக் குச்சியாக்கிவிடும். முடிச்சின் மேல் தெளிவான நெயில் பாலிஷ் மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. பொறுமை இருந்தால் அரால்டைட் இன்னும் பலம். தலைக்கு நெயில் பாலிஷ் பாறையில் பட்டால் உதிரும், பவுடர் கோட்டிங் உதிராது, கிரில் கேட்டுக்கு அடிக்கும் பட்டறையில் மிச்சப் பவுடர் ஒரு கை வாங்கி, வால் கட்டுவதற்கு முன்பே வெறும் தலையைச் சூடாக்கி முக்கி எடுத்து மறுபடி சுட வேண்டும். நெயில் பாலிஷிலேயே காலம் தள்ளுகிறேன், நிறத்துக்கு அடியில் வெள்ளை ஒரு பூச்சு கொடுத்தால் பளிச்சென்று இருக்கும்.

வைஸ் வாங்க வேண்டுமா என்று அக்கா மகன் கடைசிவரை கேட்டான். மேஜையில் திருகும் சின்ன வைஸ் ஒன்று போதும், அதுவும் இல்லையென்றால் கட்டிங் பிளேயரின் கைப்பிடியில் ரப்பர் பேண்ட் இறுக்கிவிட்டால் முள்ளைப் பிடித்துக்கொள்ளும்.

கடைசியில் அவன் அந்தப் பட்டியலில் முள்ளை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் அழித்தான். 2 எண்ணில் ஒரு பொட்டலம், 1/0-ல் ஒரு பொட்டலம். இப்போது அவன் டப்பாவில் இருப்பது: மேட்டூருக்கு 10 கிராம் காரீயத்தில் வெள்ளைக் கன்று வாலும் சவுரியும் கலந்து, ஜரிகை நாலு இழை, மாட்டும் இடத்துக்கு நட்டுத் தலையில் சாக்கு இழை, ஏரிக்கு வெள்ளீயத் தலையில் செவலைச் சேவல் இறகு, முன்னால் ஆட்டுத் தாடியில் ஒரு கருப்புக் கழுத்து. ஏரி குத்தகையில் இருந்தால் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எறி என்று சொல்லி அனுப்பினேன். போன வாரம் அவன் கேட்காமல் என் டப்பாவிலிருந்து தாடி மயிரை முழுக்க வழித்துக்கொண்டு போய்விட்டான், இந்த ஞாயிறு பாய் கடையில் நான்தான் முதல் ஆளாக நிற்க வேண்டும்.